மாமா மாற்றிய போஸ்டர்

படம் பார்க்க உட்காரும் முன் மாமா அதன் போஸ்டரை மாற்றிவிடுவார். எத்தனையோ வருடங்களாகக் கவனித்திருக்கிறேன். அது முடியாமல் அவர் காலை நீட்டியதே இல்லை.

அம்மாவின் தம்பி, ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்பவர். எங்கள் மாடி அறையில் குடியிருந்தார். செருப்பு அலமாரிக்கு மேல் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து, அதையே வீட்டு சர்வராக ஆக்கியிருந்தார். சினிமாவும் குடும்ப வீடியோக்களும் அதிலிருந்துதான் டிவிக்கு வரும். சினிமாக்களுக்குப் போஸ்டரும் கதைச்சுருக்கமும் இணையத்திலிருந்து தானாக வந்துவிடும். மாமாவுக்கு அது ஆகாது. "இவன் யாரு எனக்குக் கதை சொல்ல?" என்று அழித்துவிட்டுத் தானே எழுதுவார், குடும்ப வீடியோக்களுக்கும் சேர்த்து. "இடைவேளையில் எழுந்து போனவர் புண்ணியவான்" என்பது ஒரு காதல் படத்துக்கு அவர் எழுதிய முழுக்கதை.

ஒருமுறை சர்வரின் டிஸ்க் செத்துப்போனது. படங்கள் வேறு டிஸ்கில் இருந்ததால் பிழைத்தன. சர்வருக்குள் சேமித்திருந்த மாமாவின் போஸ்டர்களும் எழுத்தும் மொத்தமாகப் போயின. துக்க வீடு மாதிரி இருந்தது மாடி. பிறகு ஏற்பாட்டை மாற்றினார்: படம் இருக்கும் ஃபோல்டரிலேயே அதன் போஸ்டரும் கதையும் இருக்கும்.

"இனிமே படம் எங்க போனாலும் என் கைவரிசையும் கூடவே போகும்."

போனது. அக்காவின் நிச்சயதார்த்த வீடியோவை மாப்பிள்ளை வீட்டார் கேட்டபோது, மாமா ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டார். மறுநாள்தான் அவருக்கு உறைத்தது. மாப்பிள்ளை வீட்டிலும் சர்வர் உண்டு; ஃபோல்டரில் இருக்கும் போஸ்டரையும் கதையையும் அது அப்படியே டிவியில் காட்டிவிடும். போஸ்டரில் மாப்பிள்ளையின் அம்மா வாய் பிளந்து கொட்டாவி விடுகிறார். கீழே: "பெண்ணுக்கு ஒரு வீடு கிடைக்கிறது. வீட்டில் வில்லி தயாராக இருக்கிறார். மீதி கல்யாணத்துக்குப் பின்."

அக்கா அழுதுகொண்டே கத்தினாள். "என் கல்யாணம் மட்டும் நின்னுச்சு, உங்கள ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சுப் பூட்டிடுவேன் மாமா!"

என்னையும் இழுத்துக்கொண்டு மாமா மாப்பிள்ளை வீட்டுக்கு ஓடினார். அங்கே டிவி முழுக்கக் கொட்டாவி.

"வாங்க தம்பி. இத யாரு எழுதினது?" என்றார் சம்பந்தியம்மா.

"அது... கம்ப்யூட்டர் தானா எழுதிக்கும்மா."

"ஓஹோ. நான் கொட்டாவி விடற நேரம் பார்த்துப் படம் புடிச்சதும் அதுதானா?"

மாமா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். சம்பந்தி பேப்பரால் முகத்தை மறைத்திருந்தார், பேப்பர் குலுங்கிக்கொண்டிருந்தது.

"வில்லின்னு எழுதினீங்க, போகட்டும். இவர் முப்பது வருஷமா சொல்லப் பயந்தது. ஆனா மூஞ்சி ஏன் இப்படிக் கலங்கிக் கெடக்கு?"

"இடம் மிச்சமாகட்டும்னு எல்லாப் போஸ்டரையும் சின்னதாக்கிடுவேன்மா."

"மிச்சம் புடிக்க என் மூஞ்சிதான் கெடச்சுதா? கம்மல் தெரியற மாதிரி பெருசா ஒண்ணு போட்டுக் குடுங்க. கல்யாணத்துக்குள்ள வந்தாகணும். வில்லி அப்படியே இருக்கட்டும்."

"ஆகட்டும்மா," என்றார் மாமா, தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாக.

அதே வரியை நான் எழுதியிருந்தால் சம்பந்தியம்மா இப்படி விட்டிருப்பாரா? கிண்டல் எந்த இடத்தில் அவமானமாகிறது என்று எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. மாமாவுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

கல்யாணம் நடந்தது. மாமா சர்வரைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டார். எப்போது கேட்டாலும், "நல்ல போட்டோவா தேடிட்டிருக்கேன்" என்கிறார். அக்காவின் மாமியார் என்னைக் கண்டால் நலம்கூட விசாரிப்பதில்லை.

"எங்கடா என் போஸ்டர்?"