கட்டையில்லாத ராஜா

எனக்கு முதலில் வந்தது வீக்கம் இல்லை, குளிர் ஜுரம். தொடையிடுக்கில் நெறி கட்டும், இடது கால் சிவந்து எரியும், நாலு நாளில் வடிந்துவிடும். எங்கள் பக்கத்தில் யாருக்குத்தான் வரவில்லை என்று இருந்துவிட்டேன். இரண்டு வருஷத்தில் வடிவது நின்றுபோயிற்று. கணுக்கால் இருந்த இடமே தெரியாமல் யானைக்காலாகிவிட்டது.

நான் பொய்க்கால் குதிரை ஆடுகிறவன். முழங்காலுக்குக் கீழே ஒன்றரை அடி உயரக் கட்டையை வாரால் இறுக்கிக் கட்டி, மூங்கிலும் காகிதமும் கொண்டு செய்த குதிரைக் கூட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆட வேண்டும். நான் ராஜா. என் மனைவியின் தம்பி சேலை கட்டிய ராணி. பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் உட்கார்ந்தேன், ஒரு நாளும் வாய் திறந்து பதில் சொன்னதில்லை. கட்டைமேல் ஏறினால் மட்டும் நாலு பேர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரும்.

புதுச்சேரி டாக்டர் காலைப் பார்த்துவிட்டு, “இதுல வாரு போட்டு இறுக்குனா புண்ணு ஆறவே ஆறாது. கட்டையை வுட்டுடு” என்றார்.

கட்டையை விட்டேன். குதிரையை விட மனம் வரவில்லை. கூட்டைச் சுற்றித் தொங்கும் துணியைத் தரை தொடும்படி நீட்டித் தைத்தேன். குளம்புச் சத்தத்துக்காக இரண்டு கொட்டாங்கச்சியை உள்ளே கட்டி, கையால் தட்டப் பழகினேன். ராணி என்னைவிட உயரமாகத் தெரியக் கூடாதே என்று மைத்துனனின் கட்டையை அறுத்துக் குட்டையாக்கினேன்.

“ராணியையும் குள்ளியாக்கிட்டியே மாமா!” என்றான்.

கிரீடத்தை ஒரு சாண் உயர்த்தினேன். கரும்பு வெட்டிய கொல்லையில் ஒரு மாதம் ஆடிப் பார்த்தேன்.

பாகூர்ப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில், சாயங்கால வெயிலில் முதல் ஆட்டம். கட்டையோடு சுற்ற முடியாத சுற்றெல்லாம் அன்று சுற்றினேன். தவில்காரர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவர் லேசில் ஆட்டுகிறவர் இல்லை.

ஆட்டம் முடிந்தது. ராஜாவும் ராணியும் துணியைத் தூக்கிக் கட்டையைக் காட்டி, ஒற்றைக் கட்டையில் நின்றபடி பரிசு வேட்டி வாங்குவது வழக்கம். வருஷக்கணக்காக நான் செய்துவந்ததுதான். ஒரு மாதம் எல்லாவற்றையும் யோசித்த எனக்கு அது மட்டும் தோன்றவில்லை.

மைத்துனன் தூக்கிக் காட்டினான். நான் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“யோவ் ராஜா, நீயும் காட்டுய்யா!”

“தரையில நின்னுக்கினு ஏமாத்தறான்பா!”

வேட்டியை வைத்திருந்த நாட்டாமை, “இன்னாப்பா இது?” என்று மைத்துனனைக் கேட்டார். அவன் பயந்துவிட்டான். சட்டென்று என் துணியை இடுப்பு வரை தூக்கினான்.

“பாத்துக்குங்க! எங்க ராஜாவுக்குக் கட்டை எதுக்கு? காலே கட்டையா வளந்துடுச்சி!”

எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த பெண்கள்கூடச் சிரித்தார்கள். நாட்டாமை கண்ணைத் துடைத்துக்கொண்டே வேட்டியைக் கொடுத்தார்.

திரும்பி வரும் வழியில் அவன், “கோவமா மாமா? அடுத்த வருசத்துக்கும் நம்மளயே வரச் சொல்லிட்டாங்க” என்றான்.

“ஆட்டத்தைப் பத்தி இன்னா சொன்னாங்க?”

அவன் பொய் சொல்லத் தெரியாதவன். “அதப் பத்தி யாரும் ஒண்ணும் பேசல” என்றான்.

அதன்பின் வில்லியனூர் வரை எங்களைக் கூப்பிட்டார்கள். எங்கே போனாலும் கடைசியில் அந்தக் காலைக் கேட்டார்கள். சுத்துக்கேணியில் ஒரு தடவை, காட்ட மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு ஆடினேன். பாதி ஆட்டத்திலேயே கூச்சல் போட்டார்கள், மேளம்கூடக் கேட்கவில்லை.

இப்போது நானே வழியை மாற்றிக்கொண்டேன். மேளம் தொடங்கும் முன்பே துணியைத் தூக்கிக் காட்டிவிடுகிறேன். பிறகு ஆட்டத்தை யாரும் கெடுப்பதில்லை. சிரித்து முடித்ததும் பாதிப் பேர் கடலை வாங்கப் போய்விடுகிறார்கள்.