நாற்காலி அக்கா

கதவைத் தட்டிவிட்டு ஓரமாக ஒதுங்கி நிற்கிறார். "உள்ளே வரலாங்களா?" என்று கேட்கிறார். உள்ளே போனதும் அங்கே கிடக்கும் நாற்காலியைத் தூக்கிச் சுவரோரமாகப் போட்டுக்கொண்டு உட்காருகிறார். கட்டிலிலிருந்து வாசல்வரை வழி பளிச்சென்று தெரியவேண்டும், அதுதான் கணக்கு. கைகளை மடியில் கோத்துக்கொள்கிறார். அறையைக் காலி செய்யச் சொல்லும் பேச்சு அதற்குப் பிறகுதான்.

அந்த ஓட்டலின் மேலாளர் அவர். ஐம்பதைத் தொட்ட ஒடிசலான உடம்பு, பக்கத்தில் போனால்தான் கேட்கும் குரல். ஊழியர்கள் வைத்திருக்கும் பெயர் நாற்காலி அக்கா.

வரவேற்பு மேசையில் இருப்பவர் இதற்கு முன் பெரிய ஓட்டல் ஒன்றில் வேலை பார்த்தவர். அங்கே ஆட்களைக் கிளப்புவதற்கென்றே தூண் மாதிரி இரண்டு காவலாளிகள் உண்டு. இங்கே சேர்ந்த புதிதில் அக்காவைப் பார்த்து வாய்க்குள் சிரித்துக்கொண்டார். ஒருநாள், குடித்துவிட்டு அலமாரிக் கண்ணாடியை உடைத்த ஆள் ஒருவன், "எவன் வந்தாலும் குத்துவேன்" என்று உள்ளே கத்திக்கொண்டிருந்தான். அக்கா போய் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் அந்த ஆள் பெட்டிப்பாம்பாக மாடியிறங்கி வந்தான். அவனுடைய பையை அக்கா தூக்கி வந்தார். போகிறவரின் பையை வண்டிவரை தானே சுமப்பது அவர் வழக்கம்.

"என்னக்கா மந்திரம் போட்டீங்க?"

"மந்திரமும் இல்ல, மாயமும் இல்ல தம்பி. வாசலை அடைச்சு நின்னுக்கிட்டு போ போன்னா, மனுஷன் எந்த வழியாப் போவான்?"

அதற்குப் பிறகு மேசைக்காரர் அக்காவைப் பார்த்துச் சிரிப்பதில்லை.

மேசைக்குப் பின்னால் ஒரு பலகை தொங்குகிறது: 'அனுமதி மறுக்கவும் வெளியேற்றவும் நிர்வாகத்துக்கு உரிமை உண்டு.' தினமும் அதைத் துடைப்பவர் அக்காதான். "உரிமை இங்க தொங்குது. மாடியேறிப் போறது என் காலு" என்பார். பயப்படாத பிறவி என்று நினைத்துவிடக் கூடாது. பல்லியைக் கண்டால் குழாய் ரிப்பேர்காரர் வந்து விரட்டும்வரை அந்தப் பக்கமே போகமாட்டார். வீட்டில் ஒரு கொழுந்தன் இருக்கிறார். ஒரு வாரம் தங்க வந்தவர், வருஷக்கணக்காகத் தங்கியிருக்கிறார். "அங்க நாற்காலியையே அவன்தான் பிடிச்சு வச்சிருக்கான். நான் எங்க போய் உக்கார?"

சென்ற மாதம் ஒரு முற்பகலில் நடந்ததை வரவேற்பு மேசைக்காரர் இன்னும் யாரிடமும் முழுதாகச் சொல்லி முடித்ததில்லை. பாதியிலேயே எழுந்து போய்விடுகிறார்.

மாதாமாதம் ஒரு கம்பெனியின் விற்பனைக் குழு வந்து பாதி ஓட்டலை நிறைக்கும். இரண்டாம் மாடியிலிருந்த அதன் தலைவர் இறங்கி வந்து மேசையைத் தட்டினார். "எனக்குக் கீழ் ரூம்ல எவனோ காலையிலேருந்து மாடு மாதிரி கத்துறான். அவங்க போகணும், இல்ல நாங்க மொத்தமா போவோம்." சொன்ன கையோடு முதலாளிக்கும் போன் போட்டுவிட்டார்.

முதலாளி மேசைக்காரரை அழைத்தார். "மத்தவங்களுக்குத் தொந்தரவு பண்ணா அனுப்ப நமக்குச் சட்டத்துலயே இடம் இருக்கு. அவங்களை அனுப்பிடச் சொல்லு மேனேஜரம்மாகிட்ட. முடியாதுன்னா அந்தம்மா நாளைலேருந்து வர வேணாம்."

மேசைக்காரர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே, விஷயத்தைச் சொல்லிக்கொண்டு, படியேறிய அக்காவின் பின்னால் முதல் மாடிக்கு ஓடினார்.

அறையில் ஒரு பெண்ணும் அவளுடைய அப்பாவும் இருந்தார்கள். எதிரே உள்ள மருத்துவமனைக்காக வந்தவர்கள். அக்கா வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் துணிகளை மடித்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தாள். "கிளம்பிடுறோம் மேடம். போன ரெண்டு எடத்துலயும் இப்படித்தான். அப்பாவைப் பாத்து மத்தவங்க முகம் சுளிக்கிறாங்களாம். நாளைக்குக் காலைல டாக்டரைப் பாத்துட்டோம்னா போதும். ராத்திரிக்கு மட்டும் எங்கயாவது..."

அக்கா நாற்காலியைச் சுவரோரம் போட்டு உட்கார்ந்தார்.

பெரியவர் கழுத்தைச் சுற்றியிருந்த துண்டை விலக்கிக் காட்டினார். தொண்டையில் ஒரு குழாய் செருகியிருந்தது.

"ஆபரேஷனுக்கு அப்புறம் அப்பாவுக்குச் சத்தமே வராது மேடம்" என்றாள் மகள்.

அப்போதுதான் குளியலறைப் பக்கமிருந்து ஒரு முழக்கம் எழுந்தது. அக்கா எழுந்து போய்க் குளியலறைக் கதவைத் திறந்தார். மேலே காற்றுப்போக்கியிலிருந்து தெள்ளத் தெளிவாக இறங்கி வந்தது குரல்: "என்னால் முடியும். இந்த மாதம் இலக்கைத் தாண்டுவேன். என்னால் முடியும்."

மூன்றாம் மாடியில், குழுவைச் சேர்ந்த ஒருவர் மாலைக் கூட்டத்தில் பேசவேண்டியதைக் குளியலறையில் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். எல்லா மாடிக் குளியலறைகளுக்கும் காற்று போக மேலிருந்து கீழ்வரை ஒரே கூண்டுதான்; மேலே கத்தினால் கீழேயிருந்து வருகிற மாதிரி கேட்கும்.

அதற்குள் தலைவரே வந்துவிட்டார். "இன்னும் என்ன பேச்சு?" என்றபடி உள்ளே நுழைந்து, பாதி அடுக்கிய பெட்டியைத் தரதரவென்று இழுத்து நடைபாதையில் தள்ளினார். துணிகள் வழியெல்லாம் சிதறின. மகள் அப்பாவின் முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"கொஞ்சம் கேளுங்க சார்" என்று குளியலறையைக் காட்டினார் அக்கா.

"என்னால் முடியும்" என்றது குரல்.

தலைவருக்கு அந்தக் குரல் யாருடையது என்று புரிந்துவிட்டது. முகம் கறுத்துப்போயிற்று. "அவன் கத்தினா என்ன? நான் சொன்னது சொன்னதுதான். இவங்க போகணும். உங்க முதலாளி சரின்னுட்டாரு" என்றபடி நடைபாதைக்குப் போய் நின்றார்.

"அக்கா, முதலாளி லைன்லதான் இருக்காரு" என்று மேசைக்காரர் கிசுகிசுத்தார். "என்ன சொல்லட்டும்?"

அக்கா குனிந்து துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறி மடித்தார். பெட்டியை உள்ளே கொண்டுவந்து பெரியவரின் கட்டிலருகே வைத்தார்.

"பலகையில உள்ளதை இன்னிக்கு உபயோகிக்கப் போறேன்னு சொல்லுங்க தம்பி."

சுவரோரம் இருந்த நாற்காலியைத் தூக்கினார். மேசைக்காரர் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. வாசலின் நட்டநடுவில், நிலைக்கு நிலை அடைத்துக்கொண்டு, அறைக்கு முதுகு காட்டி நாற்காலியைப் போட்டார். உட்கார்ந்து கைகளை மடியில் கோத்துக்கொண்டார். எதிரே தலைவர். தலைவருக்குப் பின்னால் மாடிப்படிவரை நடைபாதை காலியாக, துடைத்து வைத்த மாதிரி கிடந்தது.

"உங்க பையை நானே தூக்கிட்டு வரேன் சார்" என்றார் அக்கா.