பம்பாய் வாத்துக் குழம்பு

குலசேகரத்துக்கு மேலே, ஒரு வெள்ளைக்காரத் துரையின் ரப்பர் தோட்டத்துப் பங்களாவில் சமையல்கட்டு எடுபிடியாக இருந்தேன். அதற்கு முன் எந்த ஊரிலும் ஒரு மழைக்காலம் முழுக்க நான் தங்கியதில்லை. அங்கே தங்கியதற்குக் காரணம் குளச்சலில் இருந்தாள். பெண் கேட்டுப் போனபோது அவள் அப்பா, காய்ந்துகொண்டிருந்த மீனைப் புரட்டியபடியே, "ஒரு வருசம் ஒரே எடத்துல நில்லுலே. பெறவு வந்து கேளு" என்றார். உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. அவர் அடுத்த மீனைப் புரட்டிய பிறகுதான் மறுபடி கேட்டது.

என் ஆங்கிலம் நாலாம் வகுப்போடு சரி. பங்களாவில் அதுவும் உதவவில்லை. வெண்டைக்காய்க்குச் சீமாட்டி விரல் என்று பேர். முருங்கைக்காய் கொட்டடிக்கிற குச்சியாம். இவர்கள் வைக்கிற பேரை நம்பக்கூடாது, சாமானைத்தான் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

ஒரு சனிக்கிழமை, சமையல் பார்க்கிற பட்லர் காய்ச்சலில் படுத்துவிட்டார். பக்கத்துத் தோட்டத்துத் துரை சாப்பிட வருகிறார், கறியோடு 'பம்பாய் டக்' வேண்டும் என்று எங்கள் துரை சொன்னார். டக் என்றால் வாத்து, அவ்வளவு தெரியும். துரை காட்டின டின்னைத் திறந்தால் கருவாடு; இதுவும் இவர்கள் வைத்த பேர்தான். சிரிப்பு வந்தது. கருவாடு சமைக்க எனக்கு யார் சொல்லித்தர வேண்டும்? எங்கள் கரையில் செய்வதுபோல அரிசி கழுவின தண்ணீரில் ஊறவைத்து உப்பை எடுத்தேன். தேங்காயும் மல்லியும் அரைத்து, புளி கரைத்துவிட்டுக் கொதிக்கவைத்தேன். டின்னில் இருந்தது முழுவதும் கூழாகிவிட்டது.

பட்லர் கம்பளியைப் போர்த்துக்கொண்டு வந்து சட்டிக்குள் பார்த்தார். "மக்கா, இத பப்படம் போல பொரிச்சுல்லா வைக்கணும்" என்றார்.

குழம்பு போன வேகத்தில் திரும்பி வந்தது. காலையில் துரை என்னைப் போகச் சொல்லிவிட்டார். பட்லர் எனக்காகக் கேட்டுப் பார்த்தார், பலிக்கவில்லை. போன ஈஸ்டருக்கு வேலையில் சேர்ந்தவன். அடுத்த ஈஸ்டருக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

துணிமூட்டையோடு இறங்கி நடந்தேன். கால்கள் தாமாகக் குளச்சல் வழியைப் பிடித்தன. இரணியல் தாண்டியதும் கடற்காற்று முகத்தில் பட்டது. இன்னும் கொஞ்ச தூரம் நடந்தால் அவள் வீடு. அவள் அப்பாவிடம் என்ன சொல்வது? வெகுநேரம் அங்கேயே நின்றேன். பிறகு நாகர்கோவில் பக்கம் போன ஒரு மாட்டுவண்டியில் ஏறிக்கொண்டேன்.