துளசி வந்தால் ஆபரேஷன்: ஸ்ரீவில்லிபுத்தூர் திருவண்ணாமலையில் ஒரு ஞாயிறு

காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பக்கூடிய பயணங்களைத்தான் இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன். பிளஸ் ஒன் படிக்கிறவளை அதற்கு மேல் யார் அனுப்புவார்கள்? ஆனால் நேற்று முன்தினம், ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் போனது ஊர் பார்க்க இல்லை. அப்பாவுக்கு ஆபரேஷன் செய்யலாமா, கூடாதா என்று பெருமாளைக் கேட்கப் போனோம். இதை எழுதும்போதே எனக்கு எரிச்சல் வருகிறது.

அப்பா இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு தறிக்கூடத்தில் வேலை பார்க்கிறார். மூட்டை தூக்கித் தூக்கிக் குடலிறக்கம் வந்துவிட்டது. ஊர் ஊராக ஆபரேஷன் தியேட்டர்களுக்குப் போகும் துணியைக் கட்டி அனுப்புகிறவர், வீட்டில் தியேட்டர் என்ற பேச்சு வந்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். டாக்டர் எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்துத் தெளிவாகச் சொன்னார். இப்போது செய்தால் சின்ன ஆபரேஷன். குடல் சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. ஸ்கேன் படத்தையும் காட்டினார். அப்பா அதை நன்றாகப் பார்த்துவிட்டு, "சரிங்க டாக்டர், மலையில ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரேன்" என்றார்.

எப்படிக் கேட்பது என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு வாழையிலைத் துண்டில் துளசி, இன்னொன்றில் செவ்வரளி. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து நாரால் கட்டி, சாமி காலடியில் வைத்து, ஒன்றை எடுத்துப் பிரிக்க வேண்டும். துளசி என்றால் செய், அரளி என்றால் செய்யாதே. பூக்கட்டிப் பார்ப்பது என்பார்கள். எங்கள் வீட்டில் எல்லாப் பெரிய முடிவும் இப்படித்தான். என் அத்தைக்கு மாப்பிள்ளை அமைந்ததும் இப்படித்தான். அது எப்படிப் போய்க்கொண்டிருக்கிறது என்று அத்தையிடம் யாரும் கேட்பதில்லை.

ஏழு மணிக்கு டவுன் பஸ் ஏறினோம். அம்மாவுக்கும் எனக்கும் இலவசம், அப்பாவுக்கு மட்டும் டிக்கெட். ஸ்ரீவில்லிபுத்தூர் பன்னிரண்டு கிலோமீட்டர்; அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தையும் நான் வீணாக்கவில்லை.

"அப்பா, ஸ்கேன்ல தெரியாததா துளசிக்குத் தெரிஞ்சிரப் போகுது? ரெண்டு பொட்டலம். பாதிக்குப் பாதி. காசு சுண்டுற மாதிரிதான்."

"ஸ்கேனு இருக்கிறதக் காட்டும் தாயி. நடக்கப் போறத யாரு காட்டுவா?"

"சரி, அரளி வருதுன்னு வைங்க. நீங்க ஆபரேஷன் பண்ணல. பொறவு குடல் சிக்கிருச்சு. அப்பவாவது பெருமாள் தப்பாச் சொல்லிட்டாருன்னு ஒத்துக்கிடுவீங்களா?"

அப்பா உண்மையாகவே யோசித்தார். "நாந்தான் கேள்விய ஒழுங்காக் கேக்கலன்னு அர்த்தம்" என்றார். முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்து, மிகச் சரி என்பதுபோலத் தலையை ஆட்டினார். அம்மா மடியில் பூப்பையை அணைத்தபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து மலையடிவாரத்துக்கு ஆட்டோ, நூற்றைம்பது ரூபாய். கண்ணாடியில் மாதா படம் ஒட்டியிருந்த அந்த ஆட்டோ அண்ணனாவது என் பக்கம் நிற்பார் என்று நினைத்தேன்.

"எங்க கோயில்லயும் உண்டு பாப்பா. சீட்டு எழுதி மாதா காலடியில வச்சு எடுப்போம். இந்த வண்டிய வாங்கச் சொன்னதே மாதாதான்."

"வேண்டாம்னு சீட்டு வந்திருந்தா என்னண்ணே செஞ்சிருப்பீங்க?"

"திரும்பக் குலுக்கிருப்போம்!"

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்கும்போதே அடிவயிற்றில் கையை வைத்து அழுத்திக்கொண்டார். அம்மா அந்தக் கையையே பார்த்தாள்.

தீபம் ஏற்றுகிற திருவண்ணாமலை இல்லை இது; மலை சின்னதுதான். கீழே கோனேரித் தெப்பக்குளம், மேலே சீனிவாசப் பெருமாள். முந்தின நாள் மழையில் பின்னாலிருக்கும் பெரிய மலைத்தொடர் கழுவிவிட்டதுபோல இருந்தது. தெப்பக்கரையில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அம்மா பொட்டலங்களைக் கட்டினாள். கேட்டால் காற்று அடிக்கிறதாம். நானோ நீங்களோ ஒரே மூச்சில் ஏறிவிடக்கூடிய படிகளில் அப்பா உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார்.

சன்னதியில் எடுக்க வேண்டிய நேரத்தில் அப்பா என்னை முன்னால் தள்ளினார். "நீ எடு. நீதான் நம்பாதவ. நீ எந்தப் பக்கமும் சாய மாட்ட."

அறிவியல் முறைப்படி இதில் குறையே சொல்ல முடியாது என்பதுதான் எரிச்சல். பட்டர் தட்டை நீட்டினார். பாதிக்குப் பாதி என்று பஸ்ஸில் கத்தியவள் நான்தான். அந்தப் பாதியில் ஒன்றில் அப்பாவின் உயிர் இருக்கிறது என்பது தட்டைப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஒன்றை எடுத்துப் பிரித்தேன். துளசி.

"கோவிந்தா!" என்று அப்பா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். அம்மா மற்றப் பொட்டலத்தை வாங்கிப் பைக்குள் போட்டாள். அதைப் பிரிக்கக் கூடாது, தண்ணீரில்தான் விட வேண்டும் என்றாள்.

கீழே வந்ததும் அப்பா டீ குடிக்கப் போனார். அம்மா பையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கால் கழுவ இறங்கினாள். பிரிக்கக் கூடாது என்றால் ஏன் கூடாது என்று பார்ப்பது என் வழக்கம். பிரித்தேன். அதிலும் துளசி.

"அம்மா! இது என்ன?"

"ஏட்டி, கத்தாத. பொறவு? அரளி வந்து தொலைஞ்சா ஒங்கப்பாவ யாரு சம்மதிக்க வைப்பா, நீயா?"

கீழே கிடக்கும் பூவைக்கூடத் தாண்டாத அம்மா இவள். புரட்டாசி முழுக்க ஒருவேளைச் சாப்பாடு. "சாமியவே ஏமாத்திட்ட. நம்பிக்கை இல்லாத நான்கூட இதச் செய்யலயேம்மா."

"செஞ்சாச்சு. கோவம் வந்தா எம்மேல வரட்டும். அவிய மேல வராதுல்ல."

ஆட்டோவில் இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். சொன்னால் அப்பா ஆபரேஷனுக்கு வரமாட்டார். சொல்லாவிட்டால், காலையிலிருந்து ஆதாரம் ஆதாரம் என்று கத்தியதற்கு அர்த்தமில்லை. பேசாமல் இருந்துவிடுவது என்றுதான் முடிவெடுத்தேன். பஸ் ஸ்டாண்டில் பால்கோவா வாங்கிக் கையில் கொடுத்த அப்பாதான் கெடுத்தார்.

"நம்பாதவ கையில துளசி வந்திருக்கு. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும் ஒனக்கு?"

"ரெண்டுலயுமே துளசிதாம்ப்பா இருந்துச்சு."

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தென்காசி பஸ்ஸைப் பார்த்தாள்.

"பெருமாள் முன்னாடியா செஞ்ச?" என்றார் அப்பா. "ஒனக்கு அம்புட்டுப் பயமாவா இருக்கு?"

அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். கண் நிறைந்துவிட்டது.

"சரி. புதன்கிழமை ஆஸ்பத்திரியில போய்ச் சேந்துருவோம்."

நான் மகிழ்ந்திருக்க வேண்டும். அதோடு விட்டிருக்கவும் வேண்டும். "அப்ப பெருமாள் ஒண்ணும் சொல்லலன்னு ஒத்துக்கிடுறீங்கல்ல?" என்றேன்.

"யாரு சொல்லல? ரெண்டுலயும் துளசிய வையின்னு இவளுக்கு ரோசனை குடுத்தது யாரு?"

தலையில் அடித்துக்கொண்டேன். என்ன நடந்தால்தான் இவர் மாறுவார் என்று கேட்டேன். அவர் பதிலுக்கு, "சரி, என்ன நடந்தா நீ மாறுவ?" என்றார். துளசி வந்தால் தற்செயல், அரளி வந்தாலும் தற்செயல் என்று நானும் காலையிலேயே முடிவு செய்துவிட்டுத்தானே பஸ் ஏறியிருக்கிறேன்.

போக விரும்புகிறவர்களுக்கான குறிப்புகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நடக்க இடம் இருக்காது. மற்ற நாளில் போங்கள். நடை சாத்துவதற்குள், காலை ஒன்பதுக்குள் ஏறிவிடுங்கள். குரங்கு உண்டு, பழத்தைக் கையில் தொங்கவிடாதீர்கள். ஆட்டோவைக் காத்திருக்கச் சொன்னால் போக வர முந்நூறு. குடலிறக்கம் இருக்கிறவர்கள் முதலில் டாக்டரிடம் போங்கள். பெருமாள் எங்கேயும் போய்விட மாட்டார். இந்தக் கடைசி வரியை எழுதிய பிறகுதான் இதில் இருக்கும் சிக்கலைக் கவனித்தேன், இருக்கட்டும்.

திரும்பி வந்து இராஜபாளையத்தில் இறங்கும்போது பஸ் கொஞ்சம் நகர்ந்துவிட்டது. எனக்கு முன்னால் இறங்கிய அம்மா தடுமாறி முழங்கால் பட விழுந்தாள். அந்த நொடியில் என் வாயிலிருந்து, "பெருமாளே, எங்கம்மாவ விட்டுரு" என்று வந்தது. மனதுக்குள் இல்லை, சத்தமாகவே வந்தது.

அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. செருப்பு வார் அறுந்திருந்தது, முழங்காலில் சிராய்ப்பு. அப்பா அவளைத் தூக்கி நிறுத்தினார். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அடிவயிற்றை அழுத்திப் பிடித்தபடி, தோள் குலுங்கக் குலுங்க முன்னால் நடந்தார். பதற்றத்தில் வந்த வார்த்தையை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று வீடு வரைக்கும் விளக்கிக்கொண்டே போனேன். இரண்டு பேருமே காதில் வாங்கவில்லை.