பரிசத்துக்கு முன் பாதை பார்த்தது

தொண்ணூறுகளின் கடைசியில், பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா நாளில் எனக்குப் பரிசம் போடக் குறித்தார்கள். பெண் வீடு அப்புத்தளை மலைக்குப் பின்னால், காட்டைத் தாண்டி இருந்த ஒரு தோட்டத்தில். பெரிய ரோட்டில் அந்த மாதம் மண் சரிந்து கிடந்ததால், மிச்சமிருந்தது வெள்ளைக்காரன் காலத்து வண்டிப்பாதை ஒன்றுதான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், பெரகலயில் மரக்கறி ஏற்றும் பழைய ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆகவே மாப்பிள்ளையும் நானே, டிரைவரும் நானே, பயப்படுகிற ஆளும் நானே.

பெண்ணின் அம்மாவுக்கு என் மேல் ஏற்கெனவே ஒரு சந்தேகம். பெண்ணை முதலில் பார்த்த கல்யாண வீட்டில், உட்காருவதற்கு முன் நான் நாற்காலியை ஆட்டிப் பார்த்தேனாம். "இந்தப் புள்ள நாற்காலிக்கே பயப்படுதே, நம்ம புள்ளய எப்படி வச்சிக் காப்பாத்தும்" என்று சொல்லியிருக்கிறார். எல்ல என்ற ஊரில் கெஸ்ட் ஹவுஸில் வேலை பார்க்கும் ஒரு பையனின் ஜாதகமும் அவர் கையில் இருந்தது. ராகு காலத்துக்கு முன் வந்து தட்டு மாற்றவில்லையென்றால் அவ்வளவுதான் என்று தரகர் சொல்லிவிட்டுப் போனார்.

அதனால் முந்தின வாரமே தனியாக நடந்து பாதை பார்க்கப் போனேன். ஒரு கையில் கம்பு, மறுகையில் சுண்ணாம்பு கரைத்த டின். ஓடையில் கம்பை விட்டு ஆழம் பார்த்தேன். பலகைப் பாலத்தில் முதலில் ஒரு காலை வைத்தேன், பிறகு ஏறிக் குதித்தேன், பிறகு நான் குதித்ததில் ஏதாவது உடைந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தேன். அட்டையை நினைத்தும் கவலைப்பட்டேன். பட்டுச் சேலைக்குள் அட்டை ஏறினால் என் அம்மா ஓடுகிற ஜீப்பிலிருந்தே குதித்துவிடுவார். எங்கே குழியோ, எங்கே வழுக்கலோ, அங்கே ஓரத்துக் கல்லில் சுண்ணாம்பு பூசினேன். மூடுபனியில் வேறு எது தெரியாவிட்டாலும் வெள்ளை தெரியும்.

காடு முடிகிற இடத்தில், சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு தோட்டத்துக் காவல்காரர் ஒருவர் நின்றார்.

"என்னாங்க தம்பி, கல்லுக்கு வெள்ளையடிக்கிறீங்க? யாரு வர்றா?"

மாப்பிள்ளை வருகிறான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "போயா அன்னைக்கு முக்கியமான ஆளுங்க வர்றாங்க" என்றேன்.

"ஜீப்புலயா?"

"ஆமாங்க, ஜீப்புலதான்."

அவர் சாக்கைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு எனக்கு ஒரு கும்பிடு போட்டார். அது ஏன் என்று நான் யோசிக்கவில்லை. அந்த வாரம் நான் யோசிக்காமல் விட்டது அது ஒன்றைத்தான்.

போயா அன்று காலையில் புறப்பட்டோம். பக்கத்தில் அம்மா, மடியில் பழத்தட்டு. பின்னால் தாய்மாமன், தேங்காய்ச் சாக்கைக் கட்டிப் பிடித்தபடி. பாதிக் காடுவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. வெள்ளைக் கல் தெரிந்தால் இறங்குவேன், பார்ப்பேன், ஏறுவேன். பாலத்தைத் தாண்டி வளைந்ததும் பிரேக்கை மிதித்தேன். இரண்டு பக்கமும், மூடுபனி விட்ட தூரம் வரைக்கும், எல்லாக் கல்லும் வெள்ளை.

"அடேங்கப்பா" என்றார் மாமா. "மாப்ள, நீ இவ்வளவுக்கா பயந்த?"

"நான் அடிக்கலங்க மாமா."

"அப்ப காட்டுப் பன்னி வந்து அடிச்சிச்சா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோட்டத்துக்குப் பெரிய துரையோ மந்திரியோ வருவதென்றால் பாதையோரக் கல்லுக்கெல்லாம் வெள்ளையடிப்பார்கள். என் கற்களைப் பார்த்தவர்கள், யாரோ ஆரம்பித்த வேலை பாதியில் நிற்கிறதென்று நினைத்து முடித்து வைத்திருக்கிறார்கள். காவல்காரர் கும்பிட்டதும் என்னை அவர்களுடைய ஆள் என்று நினைத்துத்தான். குழிகளைக்கூடக் கல்லும் மண்ணும் போட்டு நிரப்பியிருந்தார்கள். மாமாவுக்கு அது நிம்மதி. எனக்கு இல்லை. திறந்து கிடக்கிற குழியென்றால் கம்பை விட்டு ஆழம் பார்க்கலாம். மூடின குழியை எப்படிப் பார்ப்பது? இறங்கி ஒவ்வொன்றாக மிதித்துப் பார்த்தேன்.

"தம்பி, நீ இப்படியே போனா வாழைப்பழம் கறுத்துரும்டா" என்றார் அம்மா.

"ராகு காலம் நமக்கு முன்னாடி போயி அங்க உக்காந்திருக்கும்" என்றார் மாமா.

கடைசி வளைவில் வாழைமரம் கட்டிய பந்தல் தெரிந்தது. தப்பு முழங்கியது. தோட்டத்து லயங்களில் குடியிருக்கும் சனம் முழுக்க இரண்டு வரிசையாக நின்று கைதட்டியது. முன்னால் கோட்டுப் போட்டுக்கொண்டு, கையில் மாலையோடு நின்றவர் பெண்ணின் அப்பா, அந்தத் தோட்டத்துக் கங்காணி. மாலையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர், கண்ணாடிக்குள் என்னைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"தம்பி, கொஞ்சம் ஓரமா எடுங்க. பின்னால பெரியவுங்க வர்றாங்க."

"பின்னால யாரும் வரலீங்க" என்றேன்.

காவல்காரர் கூட்டத்திலிருந்து கையை நீட்டினார். "இந்தத் தம்பிதாங்க அன்னைக்கு சுண்ணாம்பு டின்னோட வந்தது."

தப்பு நின்றது. எதற்காக வந்தேன், எதற்காகப் பூசினேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன், அட்டை வரைக்கும். யாரோ சிரித்தார்கள். பெண்ணின் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். எனக்கு அந்த நாற்காலி ஞாபகம் வந்தது.

அவர் கணவரைப் பார்த்துத்தான் பேசினார். "இந்த ரோட்ட செஞ்சு தாங்கன்னு எத்தன வருசமா கேக்குறோம். ஒருத்தரும் அசையல. இந்தப் புள்ள பயந்துக்கிட்டு நாலு கல்லுல பூசுனதுக்கு, எல்லாரும் கூடி ஒரே சிரமதானத்துல முடிச்சிட்டாங்க. எல்லக்காரனா இருந்தா, மண்ணு சரிஞ்சிருச்சுன்னு வீட்டுலயே படுத்திருப்பான்."

"அப்ப இந்த மாலைய என்னா செய்யிறது?" என்றார் கங்காணி.

"வாடவா விடுவீங்க? போடுங்க. ராகு காலம் வருது."

ஜீப்பின் பானட் மேலேயே தட்டு மாற்றினார்கள். எஞ்சின் சூட்டில் வெற்றிலை வதங்குமே என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, எதிரே நின்ற பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் முழங்கையில் கழுவியும் போகாத சுண்ணாம்பு. அந்தக் கடைசி வளைவை அடித்தது அவளாம்.

புறப்படும்போது மாமியார் மிச்சமிருந்த சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஒங்க பக்கத்துப் பாதி அப்படியே கெடக்குதாமே. போற வழியில அடிச்சிட்டுப் போங்க மாப்ள. கல்யாணத்துக்கு நாங்க வரணும்ல."

வரும்போது பழத்தட்டு இருந்த அம்மாவின் மடியில், போகும்போது சுண்ணாம்பு வாளி இருந்தது. அது பட்டுச் சேலையில் சிந்திவிடுமோ என்று வாளியைப் பார்த்தபடியே ஓட்டினேன். காட்டைத் தாண்டும் வரைக்கும் பாதையைப் பார்க்கவே இல்லை.