எதிர்க்கடைக்காரரின் கையெழுத்து

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருவர் என்னைப் பார்த்த மாத்திரத்திலேயே 'சரிப்பட்டு வராது' என்று ஒதுக்கிவிட்டார். பெண் பார்க்கப் போகவில்லை... ஜாமீன் போடப் போனேன்!

பெங்களூரு வைட்ஃபீல்டில் எங்கள் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்த அமுதா, பொம்மனஹள்ளியில் சொந்தமாக டிபன் கடை போட முடிவெடுத்தார். வேலையை விட்டாயிற்று. நகையை விற்றுப் பாத்திரங்களும் வாங்கியாயிற்று. கடை கிடைக்காவிட்டால் எல்லாம் போச்சு. கட்டட ஓனர் ஷூரிட்டி கேட்கிறார் என்றதும், சம்பளச் சீட்டோடு நானே கிளம்பிவிட்டேன். ஐ.டி. மேனேஜர்... வேறென்ன வேண்டும்?

ஓனர் சீட்டைத் தொடக்கூட இல்லை. வாடகை பாக்கியோடு ஷட்டரை இழுத்துவிட்டுப் போன ஒரு செருப்புக் கடைக்காரரால் சூடு கண்ட பூனை அவர்.

"நீங்க இன்னிக்கு வைட்ஃபீல்டு, நாளைக்கு ஹைதராபாத். இந்தத் தெருவுல கடை வெச்சிருக்கவங்க யாராச்சும் போடட்டும் சார். ஓடிப்போக முடியாத ஆள் வேணும்."

தெருவில் ஏறி இறங்கினோம். எலெக்ட்ரிக் கடைக்காரர் கையை விரித்தார். பேக்கரிக்காரர் மனைவியைக் கேட்க வேண்டும் என்றார். அவர்கள் மேல் தப்பில்லை. வேலியில் போகிற ஓணானை யார் எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வார்கள்?

மிச்சம் இருந்தவர் ஒருவர்தான். எதிர்க்கடை முனிராஜு. அவர் போடுவதும் இட்லி, வடைதான்! போட்டிக் கடை போட வருகிறவருக்கு அவரிடமே எப்படி ஜாமீன் கேட்பது? அமுதாதான் கேட்டார். "ஒரு ஷூரிட்டி கையெழுத்து போட்டு குடுங்கண்ணா."

முனிராஜு கையைத் துடைத்துக்கொண்டு எங்களோடு வந்தார். ஓனர் பதறிப்போய்க் கன்னடத்தில் எச்சரித்தார். அந்தம்மா ஓடிவிட்டால் வாடகை உன் தலையில். நன்றாக நடத்தினாலோ உன் வியாபாரம் காலி. யோசித்தாயா?

யோசித்துவிட்டதாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் ஏன் என்று கேட்டேன்.

"இதே ரூம்ல முன்னாடி ஒரு கேரளாக்காரர் டிபன் கடை வெச்சிருந்தாரு சார். நான் எதிர்ல கடை கேட்டப்போ, அவருதான் எனக்கு ஷூரிட்டி போட்டாரு. எனக்கு வியாபாரம் சூடு பிடிச்சதும் அவருக்குப் படுத்திடுச்சு. மூடிட்டு ஊருக்குப் போயிட்டாரு. போறப்பகூட ஒரு வார்த்தை தப்பா பேசல."

சொல்லிவிட்டு ரோட்டைக் கடந்து போய்விட்டார். கல்லாவில் ஆள் இல்லையாம்.

நான் அங்கேயே நின்றேன். பேங்க்கில் கடனுக்கு ஜாமீன் நிற்பவர், கூட்டணிப் பேச்சில் இரு தரப்புக்கும் பொதுவான ஒரு பெரிய மனிதர், நாடுகள் சண்டையை நிறுத்தினால் பொறுப்பேற்க மூன்றாவதாக ஒரு நாடு... இவர்கள் எல்லோரும் தங்களுக்கு நஷ்டம் வராது என்ற தெம்பில் போடுகிறவர்கள். நஷ்டம் நிச்சயம் என்று தெரிந்தும் கையெழுத்துப் போட ஒரு மனசு வேண்டுமே! அது எனக்கு இருக்கிறதா? சத்தியமாகத் தெரியவில்லை.

அமுதாவின் கடை திறந்துவிட்டது. கூட்டம் அள்ளுகிறது. முனிராஜுவின் கடையில் இப்போது உட்கார இடம் கிடைக்கிறது.

அந்தப் பக்கம் போனால் இட்லி அமுதாவிடம், காபி முனிராஜுவிடம் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். என்னால் போட முடிந்த ஜாமீன் அவ்வளவுதான்!