உழாமல் விட்ட இடம்

மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை என்பார்கள். என் தொழிலில் பெரும்பாலும் எலிகூட அகப்படாது. ஒரு நிலத்தில் பெரிதாக ஏதாவது கட்டப் போகிறார்கள் என்றால், அதற்கு முன்னால் அங்கங்கே நீளவாக்கில் குழி வெட்டி, பழங்காலத்துப் பொருள் ஏதும் புதைந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சோதனைக் குழி என்று அதற்குப் பெயர். அநேகமாக ஒவ்வொரு முறையும் ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருவோம். ஒன்றும் இல்லை என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்கும் ஆள் ஹைதராபாத்திலேயே நீ ஒருத்திதான் என்று என் மகன் கிண்டல் செய்வான். அதையும் இந்தியில்தான் செய்வான். நான் தமிழில் திட்டினால் எல்லாம் புரியும், பதில் மட்டும் தமிழில் வராது.

அந்தக் குளிர்காலத்தில் நகரத்துக்கு மேற்கே, மேட்டு நிலத்தில், காற்றாலைகள் நிறுத்தப் போகிறார்கள் என்று எங்களைக் கூப்பிட்டார்கள். கடன் கொடுக்கிற வெளிநாட்டு வங்கி, மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் பணம் தர மாட்டேன் என்றதாம். அந்தப் பக்கத்தில் பெரிய கற்களை வட்டமாக நட்டுவைத்த பழைய ஈமக்காடுகள் நிறைய உண்டு என்பதால் அது நியாயமான பயம்தான். தினமும் விடிந்ததும் திருமுல்கேரியில் இருக்கும் என் வீட்டிலிருந்து கம்பெனி ஜீப்பில் கிளம்புவேன். கூட வரும் எஞ்சினியர் ஆரல்வாய்மொழிக்காரர். காற்றாலைகளுக்கு நடுவிலேயே வளர்ந்தவர். நாங்கள் இருவரும் தமிழ் என்று தெரிந்த அன்றைக்கே அவர் மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டார்.

“எங்க ஊர்ல இத்தனை காத்தாடி நட்டாங்க மேடம், ஒருத்தனும் குழி தோண்டிப் பாக்கலியே. இங்க மட்டும் எதுக்கு?”

“உங்க ஊர்ல பாக்காம விட்டது இன்னான்னு உங்களுக்குத் தெரியுமா?” என்றேன்.

“அதுவும் சரிதான்” என்று சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நல்ல மனிதர். மேலிடத்திலிருந்து தினமும் போன் வந்து அவரை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வேலையில் முதலில் ஊர்க்காரர்களிடம் விசாரிப்போம். டீக்கடையில் நின்றிருந்தவர்களிடம், இந்தப் பக்கம் பழைய சமாதி உண்டா, பெரிய கல் உண்டா, உழும்போது பானை ஓடு வந்ததுண்டா என்று வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றார்கள். காற்றாலை நிற்கப் போகும் இடத்தின் நிலத்துக்காரரும் அங்கேதான் நின்றார். அவரும் இல்லை என்றார்.

அவருடைய நிலத்தில் பருத்தி எடுத்து முடிந்து, காய்ந்த செடிக்குச்சிகள், அதாவது மார், மட்டும் நின்றன. நட்டநடுவில் மட்டும் ஒரு கட்டில் போடும் அளவுக்கு உழாமல் விட்டு, புல் மண்டிக் கிடந்தது. எனக்குக் கை பரபரத்தது. இப்படி ஓர் இடத்தை உழவர் விட்டுவைத்திருந்தால் அடியில் கல் இருக்கும், கல்லுக்கு அடியில் வேறு ஏதாவது இருக்கும். ஏன் உழவில்லை என்று கேட்டதற்கு, “கல்லு இருக்குது மேடம்” என்றார் சுருக்கமாக. காற்றாலையின் அஸ்திவாரம் சரியாக அந்த இடத்தில்தான் வரப் போகிறது. குழி வெட்ட அடையாளமாக, சுண்ணாம்பால் ஒரு கோட்டை அதன் குறுக்கே இழுத்தேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நிலத்துக்காரரும் அவர் மனைவியும் பேசியது தெலுங்கு. ஆனால் என் அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்காக ஜோலார்பேட்டைப் பக்கத்திலிருந்து செகந்திராபாத் வந்தவர். மனதுக்கு நெருங்கியவர்கள் எந்த மொழியில் பேசினாலும், எனக்குள் அது எங்கள் வீட்டுத் தமிழாகத்தான் பதிகிறது. அப்படியே எழுதுகிறேன்.

காலையில் ஓரத்துக் குழிகளை ஜேசிபி வைத்து வெட்டிப் பார்த்தோம். மேலே முழங்கால் ஆழத்துக்குக் கரிசல், அதற்குக் கீழே சிவப்புச் சரளை. ஓட்டுத்துண்டுகூட இல்லை. மதியம் ஜீப் நிழலில் நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது நிலத்துக்காரரின் மனைவியான அந்த அம்மாள் வந்து எதிரே குந்தினார். காலையிலிருந்து பருத்திமார் பிடுங்கிக்கொண்டே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும். மண் தட்டும் பிரஷ்ஷைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது எதுக்கும்மா?”

“எலும்பு கிலும்பு வந்தா ஒடையாம எடுக்கறதுக்கு.”

“எவ்ளோ சின்ன எலும்பா இருந்தாலும் எடுத்துடுவியா?”

நான் டப்பாவை மூடினேன்.

மெதுவாகத்தான் சொன்னார். மல்லாபூரில் ஒரு ஃபேக்டரியில் வேலை பார்க்கும் மூத்த பெண்ணுக்கும் முன்னால், இவருக்கு ஒரு பையன் பிறந்திருக்கிறான். பெயர் வைக்கும் நாள் வருவதற்குள் போய்விட்டான். அவ்வளவு சின்னக் குழந்தையை எரிக்க மாட்டார்கள், சொந்த நிலத்தில் புதைப்பார்கள். பெண்கள் கூடப் போவதில்லை. கணவர் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விட்டு, குளித்துவிட்டுத் திரும்பி வந்தார். எங்கே வைத்தாய் என்று இவர் கேட்டுக் கேட்டு, கடைசியில் நிலத்துக்கு நடுவில் என்றார். அன்றிலிருந்து அந்த இடத்தில் ஏர் படவில்லை. கல்லும் கிடையாது, சமாதியும் கிடையாது. நான் டீக்கடையில் கேட்டதற்கு வந்த பதில் பொய்யில்லை. பழைய சமாதி உண்டா என்றுதானே கேட்டேன். பெயர் வைக்காத பிள்ளை யார் கணக்கில் வரும்?

“மிஷினு வந்து வாரிகினு பூடும். அதுக்கு முன்னாடி நீ எடுத்துக் குடு. ஓரமா எங்கியாவது வெச்சிக்கிறேன்.”

“அவருக்குத் தெரியுமா?”

“அவருகிட்ட அந்தப் பேச்சே எடுக்கறது இல்ல.”

 தொழிலில் தெரிந்ததை மறைக்க முடியாது. இத்தனை வருஷத்தில் அவ்வளவு சின்ன எலும்பு இந்த மண்ணில் தங்கியிருப்பது சந்தேகம் என்று சொன்னேன்.

“மண்ணாவது இருக்குமில்ல? அந்த மண்ணை எடுத்துக் குடு.”

அது முடியும் என்றேன். கொஞ்சம் பெருமையாகவே விளக்கினேன். “மேல கறுப்பு, கீழ சிவப்பு பாத்தியா அக்கா? ஒரு வாட்டி தோண்டி மூடினா ரெண்டும் கலந்துடும். எத்தினி வருசம் ஆனாலும் அந்தக் கலப்பு போவாது. எலும்பு போனாலும் குழி தெரியும்.” தைத்த துணியைப் பிரித்தாலும் ஊசி போன துளை தெரிவதுபோல என்றதும் தலையை ஆட்டினார்.

எஞ்சினியரிடம் போய்ச் சொன்னேன். அவர் தன் ஷூவைப் பார்த்தார்.

“இதுக்கு யாருட்ட பெர்மிஷன் கேக்கணும் மேடம்?”

“பெத்தவகிட்ட. அவளே வந்து கேட்டுட்டா.”

அவர் வழிவிட்டு ஒதுங்கினார். நடுக்குழிக்கு வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்த ஜேசிபி டிரைவரைக் கையசைத்து நிறுத்தச் சொன்னேன்.

“கைக்கு மேடம்?” என்று, ஏன் என்பதை ஹைதராபாத் இந்தியில் கேட்டார்.

“மிஷின் நக்கோ. இதர் ஹாத்சே.” மிஷின் வேண்டாம், இங்கே கையால்தான் என்றேன்.

டிரைவர் என் முகத்தைப் பார்த்தார், புல் மண்டிய இடத்தைப் பார்த்தார், “ஹவ் மேடம்” என்று ஒப்புக்கொண்டு எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப் போனார். மேலிடத்து போன் அடித்தது. எஞ்சினியர் அதை எடுக்காமல் சட்டைப்பையிலேயே போட்டுக்கொண்டார்.

புல்லைச் செதுக்கி எடுத்துவிட்டு, கொத்தனார் வைத்திருக்கும் கரணையைப் போன்ற ஒன்றை வைத்து மண்ணைச் சீவிச் சீவி இறங்கினேன். அந்த அம்மாள் குழியின் விளிம்பில் முந்தானையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணவர் தூரத்தில் வேப்பமரத்தடியில் கைகட்டி நின்றார். என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கிட்டே வரவில்லை. தடுக்கவும் இல்லை.

கரிசல் முடிந்தது. சிவப்புச் சரளை தொடங்கியது. கோடு போட்டதுபோல ஒரே மட்டமாகத் தொடங்கியது. நான் குழியை அகலப்படுத்தினேன். இந்தப் பக்கம் சீவினேன், அந்தப் பக்கம் சீவினேன், புல் இருந்த இடம் முழுவதையும் சீவிவிட்டேன். எங்குமே கறுப்பு கீழே இறங்கவில்லை. எங்கள் தொழிலில் இதைக் கன்னி மண் என்போம். உலகம் உண்டான நாளிலிருந்து அந்த இடத்தில் யாரும் மண்வெட்டி போட்டதில்லை.

 ஒரு பிடி கரிசலை அள்ளி அந்த முந்தானையில் போட்டு, இதுதான் அக்கா என்று சொன்னால் போதும். ஆயுசுக்கும் வைத்துக் கும்பிடுவார். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. உண்மையைச் சொன்னாலோ அடுத்த கேள்வி ஒன்று வரும். அந்தக் கேள்வியை நினைத்து எனக்கே பயமாக இருந்தது. அப்படியானால் பிள்ளையை அந்த ஆள் என்ன செய்தான்? நிமிர்ந்து எஞ்சினியரைப் பார்த்தேன். அவர் முகத்திலும் அதே கேள்விதான்.

ஆனால் நான்தான் அந்த அம்மாளுக்குப் பாடம் சொல்லிவைத்திருந்தேனே. அவரும் குனிந்து அதே சிவப்பு மண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கலக்கவே இல்லியே அம்மா.”

அப்போதும் ஒரு பொய்க்கு இடம் இருந்தது. மழை அரித்திருக்கும், வேர் இழுத்திருக்கும், என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. இத்தனை வருஷம் அவரிடம் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை என்று பட்டது.

“இல்ல அக்கா. இங்க யாரும் தோண்டவே இல்ல.”

அவர் அழவில்லை, கத்தவும் இல்லை. விரித்த முந்தானையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து, வேப்பமரத்தைப் பார்த்து நின்றார். அவ்வளவுதான். அந்த மனிதர் கட்டிய கையை அவிழ்த்துவிட்டு நடந்து வந்தார். எங்களைத் தாண்டி நேராக மனைவியிடம் போனார்.

“அன்னிக்கு நீ வூட்டுத் தரைய நகத்தால கீறிகினு இருந்தே” என்றார். “எடத்தைச் சொன்னா நேரா வந்து தோண்டுவேன்னு பயந்தேன். தோண்டி எடுத்துப் பாத்திருந்தா நீ பொழைச்சிருக்க மாட்டே. அதான் வாயில வந்த எடத்தைச் சொன்னேன். அப்புறம் இங்க ஏர் ஓட்டாதேன்னே. ஓட்டாம வுட்டேன். அதுக்கப்புறம் அது பொய்யின்னு எப்பிடிச் சொல்றது?”

“எங்க வெச்சே?”

அவர் கிழக்கு வரப்பைக் காட்டினார். “வரப்புக்குள்ள. நிலத்துல வெச்சா என்னிக்காவது ஏர் படும். வரப்பை யாரும் உழ மாட்டாங்க இல்ல.”

அந்த அம்மாள் நடந்தார். பின்னால் கணவர், அவருக்குப் பின்னால் நாங்கள். எஞ்சினியர் வரைபடத்தைப் பிரித்துப் பார்த்து, “அது நம்ம எல்லைக்கு வெளிய மேடம். அங்க ஒண்ணும் வராது” என்றார் மெல்லிய குரலில். நிலத்திலிருந்து வீட்டுக்குப் போகும் வழியே அந்த வரப்புதான். புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு தினமும் அந்த அம்மாள் அதன்மேல்தான் நடந்திருக்கிறார்.

ஓர் இடத்தில் நின்று காலால் காட்டப் போன கணவர், காலை இழுத்துக்கொண்டு கையால் காட்டினார். அங்கே எந்த அடையாளமும் இல்லை. ஒருமுறை பொய் சொன்னவர். இதுவும் உண்மையா என்று கண்டுபிடிக்க என்னால் முடியும். கரணை கையிலேயே இருந்தது.

“அக்கா, பாக்கட்டுமா?”

 அவர் கணவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இத்தினி வருசத்துல ஒரு நாளாவது நீ இங்க நின்னு நான் பாத்ததே இல்லியே.”

“நின்னா நீ கண்டுபுடிச்சிடுவே” என்றார் அவர். “தெனம் தாண்டிகினு போவேன். மனசுக்குள்ள ஒரு வார்த்தை பேசிட்டுப் போவேன். நிக்க மாட்டேன்.”

அந்த அம்மாள் குனிந்து காலடியில் இருந்த வரப்பைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “வேணாம்மா, தோண்டாதே” என்றார். வரப்பில் மெல்ல உட்கார்ந்து, உள்ளங்கையை மண்மேல் வைத்தார். கணவர் எங்கே கையை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பின்னால் நின்றார். திரும்பிப் பார்க்காமலே அந்த அம்மாள் அவர் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தார்.

“இப்போ ஒக்காரு” என்றார். “இனிமே நீயும் ஒக்காரலாம்.”